மாட்சா: சேர்த்தால் காசு, எடுத்தால் பூஜ்யம்

மச்சா இல்லை மக்களே, மாட்சா. ஜப்பான்காரர்களின் பச்சைத் தேயிலைப் பொடி. மும்பை, புனே, பெங்களூர், குர்காவ்ன் என்று நம்மவர்கள் பிழைக்கப் போன ஊர்களில் இன்றைக்குப் பெரிய கஃபே எதற்குள் நுழைந்தாலும் பலகையில் இது இருக்கிறது. வீட்டில் பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்று இருந்தால் நான் விளக்கவே வேண்டாம். மாதக் கடைசியில் யூபிஐ கணக்கைப் பார்த்து நீங்களே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

"காபி குடிச்ச குடும்பத்துல இந்தப் புல்லுச்சாறு எதுக்கு?" என்று கேட்கிற கட்சி இல்லை நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபியும் வெளியிலிருந்து வந்த சரக்குதான். பிள்ளைகளுக்குப் பிடித்ததைப் பிள்ளைகள் குடிக்கட்டும். என் சண்டை மாட்சாவோடு இல்லை. ஆர்டர் கொடுக்கும்போது திரையில் 'கஸ்டமைஸ்' என்று ஒரு பட்டன் வருமே, அதோடுதான். உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஏதோ சலுகை தருகிற மாதிரி அது வேஷம் போடுகிறது. உண்மையில் அது ஒருவழிப் பாதை. சேர்த்தால் காசு ஏறும். எடுத்தால் இறங்காது.

சரக்கைப் பற்றி முதலில் நாலு வார்த்தை. இலை பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பிருந்தே தேயிலைச் செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். அந்த இலைக்கு டென்ச்சா என்று பெயர். அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மாட்சா. ஒரு கல் எந்திரம் மணிக்கு 40 கிராம் போலத்தான் அரைக்கும். கியோட்டோ பக்கத்து உஜியும் ஐச்சி மாகாணத்து நிஷியோவும் இதற்குப் பேர்போன ஊர்கள். உலகம் முழுக்கக் கிராக்கி ஏறியதில், 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் கடைகளான இப்போடோவும் மருகியூ கோயமாயெனும்கூட ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து விற்க வேண்டி வந்தது. எனவே நல்ல மாட்சாவுக்கு விலை அதிகம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். தேவை ஏறி வரத்து ஏறாவிட்டால் விலை ஏறும். பி.காம் முதல் வருடப் பாடம்.

ஆனால் நாம் விலை கொடுப்பது எதற்கு? ஜப்பானிய முறையில் ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் பொடி, 60 முதல் 70 மில்லி வெந்நீர். அவ்வளவுதான். நம்ம ஊர் கஃபேயில் பெரிய குவளை நிறையப் பாலும் ஐஸும் நிற்கிறது. அதற்குள் பொடி எத்தனை கிராம்? பலகையில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அதற்குப் பதில் 'செரிமோனியல் கிரேட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஜப்பானிய சட்டத்தில் அப்படி ஒரு தரப் பிரிவே கிடையாது. விற்கிறவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன மாதம் பெண்ணோடு ஒரு கஃபேக்குப் போய் வந்த பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். (வங்கிக்காரன் புத்தி. ரசீதைத் தூக்கிப் போட மனசு வராது. தங்கமணி திட்டுவதும் இதற்குத்தான்.) கடையின் பெயர் வேண்டாம், கணக்கை மட்டும் பாருங்கள்.

ஐஸ் மாட்சா லாட்டே: 340 ரூபாய்
பசும்பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால்: 80
கூடுதலாக ஒரு ஸ்கூப் மாட்சா: 70
வெனிலா சிரப் வேண்டாம்: 0
ஜிஎஸ்டி 5 சதவீதம்: 24.50
ஆகமொத்தம்: 514.50

ஒரு குவளை. ஒரு ஆள். சரி, விருப்பப்பட்டுக் குடித்தது, கொடுத்தாயிற்று. ஆனால் அந்த 80 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஓட்ஸ் பால் சில்லறை விலையில் லிட்டர் 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிக்கு 60 ரூபாய். ஊற்றாமல் மிச்சம் பிடித்த பசும்பால் லிட்டர் 70 என்றால் 200 மில்லிக்கு 14 ரூபாய். அது ஏற்கெனவே 340-க்குள் இருக்கிறது. வித்தியாசம் 46. வாங்கியது 80. மொத்தமாக வாங்குகிற கடைக்குச் சில்லறை விலைகூட விழாது. பசும்பாலுக்கும் காசு வாங்கிக்கொண்டு, ஊற்றாமல், அதன் இடத்தில் ஊற்றியதற்கும் தனியாகக் காசு. எங்கள் தொழிலில் இப்படி ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் பற்று எழுதினால் ஆடிட்டர் அன்றைக்கே மெமோ கொடுப்பார்.

இன்னொன்று. ஓட்ஸ், பாதாம் மாதிரித் தாவரப் பால் பானங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். 5 சதவீத வரி வாங்குகிற உணவகங்கள் தாங்கள் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது அப்படியே அவர்களுடைய அடக்க விலையில் போய் உட்காரும். ஆக 118 கொடுத்து வாங்கிய சரக்கு 105-க்கு வந்தது, ஏறக்குறைய 11 சதவீதம் மிச்சம். உங்கள் கஃபேயில் அந்த எக்ஸ்ட்ரா கட்டணம் எத்தனை ரூபாய் இறங்கியது? பழைய பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வரி ஏறும்போது மறுநாளே பலகையை மாற்றத் தெரிந்தவர்களுக்கு, இறங்கும்போது மட்டும் பெயிண்டர் கிடைப்பதில்லை.

"ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலை இருக்கிறது சார், ஆள் சம்பளம், மால் வாடகை எல்லாம் பார்க்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இன்னொரு ஸ்கூப் போட்டால் பொடியும் செலவு, வேலையும் செலவு. காசு வாங்குங்கள். ஆனால் சிரப் வேண்டாம் என்றால் வேலை குறைகிறதே, சரக்கும் மிச்சமாகிறதே! அதற்கு ஏன் பூஜ்யம்? பால் மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் இல்லாமல் கடை நடத்த முடியாது என்பதும் பொய். ஸ்டார்பக்ஸ் 2024 நவம்பர் 7 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. கடை மூடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே மும்பையில் தெருமுனையில் கட்டிங் சாய் விற்கிறார்கள். பாதி கிளாஸ் டீ, விலையும் குறைவு. குறைத்துக் கேட்டால் குறைத்து வாங்க வேண்டும் என்கிற கணக்கு அடுப்பும் பாய்லருமாக நிற்கிற அந்த மனிதருக்குத் தெரிகிறது. ஏசி போட்ட கடையின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

காசு போகட்டும். உடம்புக் கணக்குக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

பல கடைகளில் மாட்சா என்று வருவதே சர்க்கரை கலந்த பொடி. அமெரிக்க ஸ்டார்பக்ஸிலேயே 2025 ஜனவரியில் மாற்றும் வரை அப்படித்தான் இருந்தது. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் சர்க்கரை, அப்புறம்தான் தேயிலை. அந்த மாதிரிப் பொடி வைத்திருக்கும் கடையில் 'சிரப் வேண்டாம்' என்று சொன்னால் மேலே ஊற்றுகிற சர்க்கரை மட்டும்தான் போகும். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். நீங்கள் எக்ஸ்ட்ரா ஸ்கூப் கேட்டால், 70 ரூபாய் கொடுத்துச் சர்க்கரையையும் சேர்த்து வாங்குகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற நல்ல அளவு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் சர்க்கரை. சிரப் பாட்டிலை ஒரு தடவை அமுக்கினால் 5 கிராம் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று அமுக்கில் பாதிக்கு மேல் தீர்ந்தது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை கேட்ட குழந்தையை மிரட்டி வளர்த்த நாம்தான் இதற்கு யூபிஐயில் காசு அனுப்புகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று மெனுவில் போட வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-ல் போட்ட விதி, 2022-ல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றித் தரும் பண்டத்துக்கு இது பொருந்தாது! அதாவது 'கஸ்டமைஸ்' பட்டனை அமுக்கிய விநாடியில், பலகையில் இருக்கும் கலோரி எண் உங்கள் குவளையுடையது இல்லை. விலையை மட்டும் பைசா சுத்தமாகக் கூட்டிக் காட்டுகிற திரைக்குக் கலோரியைக் கூட்ட வராதா?

இன்னொரு விஷயம், பெண் குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தேயிலை வகை எதுவானாலும் சைவச் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. மாட்சாவில் இலையையே அரைத்துக் குடிக்கிறோம். ஆகவே மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், நாலு மணிக்குக் குடிக்கச் சொல்லுங்கள். காஃபீனும் உண்டு. 2 கிராமில் 40 முதல் 80 மில்லிகிராம் வரை இருக்கலாம். இரண்டு ஸ்கூப் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் போன் மட்டும் காரணம் இல்லை.

இதையெல்லாம் கடையில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கிறோமா? அங்கேதான் எனக்கு நம்மவர்கள் மேலேயே கோபம். மாட்டுங்காவில் ஓட்டலுக்குப் போனால் நாம் என்ன பாடு படுத்துகிறோம்! "டிகாக்‌ஷன் தூக்கலா, சர்க்கரை கம்மி, நுரை வேண்டாம், ஆத்தாம கொண்டாங்க." நாலு பேருக்கு நாலு விதம். சர்வர் எழுதிக்கூட வைக்காமல் கொண்டு வருகிறார், பில்லில் ஒரு பைசா ஏறுவதில்லை. கஸ்டமைஸ் என்கிற வார்த்தை வருவதற்கு முன்பே அதில் டாக்டர் பட்டம் வாங்கிய ஜனம் நாம். அதே ஆட்கள் மாலுக்குள் போனதும், கவுண்டரில் இருக்கும் பையன் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டதும், "எஸ், எஸ், ஓகே" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம். கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களாம். பிள்ளைகள் வேறு, "அப்பா, ப்ளீஸ், ஒண்ணும் கேக்காதீங்க" என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறான்.

கூச்சப்பட வேண்டாம். கேட்க வேண்டியது நாலே கேள்வி. பொடியில் சர்க்கரை கலந்திருக்கிறதா? ஒரு ஸ்கூப் எத்தனை கிராம்? இந்த அளவுக் குவளைக்கு எத்தனை ஸ்கூப்? சிரப் எடுத்தால் எவ்வளவு குறையும்? நாலாவது கேள்விக்கு இன்றைக்குச் சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் மேனேஜரைக் கூப்பிடுவார்கள். நூறு பேர் கேட்டால் திரையில் ஒரு வரி கூடும். அந்தப் பையனிடம் மரியாதையாகவே கேளுங்கள், விலை போட்டது அவர் இல்லை. பிள்ளைகளையும் கேட்க வையுங்கள். நாளைக்கு வீட்டுக்கடன் வாங்கும்போது இந்தப் பழக்கம் உதவும்.

கடன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலிலும் ஒரு காலத்தில் வட்டி ஒரு இடத்தில், பிராசஸிங் கட்டணம் ஒரு இடத்தில், இன்சூரன்ஸ் இன்னொரு இடத்தில் என்று சிதறித்தான் கிடக்கும். ரிசர்வ் வங்கி விடவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறுந்தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று முக்கிய விவரத் தாளில் காட்டியே ஆக வேண்டும். வாடிக்கையாளருக்குப் புரிகிற மொழியில் வேறு தர வேண்டும். வங்கிகள் முணுமுணுத்துக்கொண்டே செய்தன, செய்கின்றன. 500 ரூபாய்க் குவளைக்கு அவ்வளவு பெரிய தாள் நான் கேட்கவில்லை. எத்தனை கிராம் இலை, எத்தனை கிராம் சர்க்கரை, எடுத்தால் எவ்வளவு குறையும். மூன்றே வரி, விலைக்குப் பக்கத்தில். அது வரும்வரை அந்தப் பட்டனுக்குக் 'கஸ்டமைஸ்' என்று பெயர் வைக்காதீர்கள், 'மேலும் காசு' என்று வையுங்கள். நாங்கள் புரிந்துகொண்டு அமுக்குகிறோம்.

டிஸ்கி: இதெல்லாம் என் சொந்தக் கருத்து, சம்பளம் கொடுக்கிற வங்கிக்குச் சம்பந்தமில்லை. உங்கள் ஊர் கஃபேயில் நாலாவது கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள் :-)