ஏறுதலும் ஏற்றப்படுதலும்

மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்து குறித்த கல்விப்புல உரையாடல்களில் ஒரு வாதம் தவறாமல் எழும். சொந்த வாகனம் நடுத்தர வர்க்கத்தின் ஆசை. கோரப்பட வேண்டியது பொதுப் போக்குவரத்தே. முற்போக்காக ஒலிக்கும் இவ்வாதத்தை முன்வைப்போரில் பலர், அமர்வு முடிந்ததும் தத்தம் வண்டியில் ஏறி வீடு திரும்புபவர்கள்.

'ஏறி' என்ற சொல் கவனத்திற்குரியது. ஏறு, ஏற்று என்னும் தன்வினை, பிறவினை வேறுபாடு பள்ளி இலக்கணம்தான். வழக்கமான மகிழுந்தின் முன் சக்கர நாற்காலிப் பயனர் எழுவாய் நிலையை இழந்து செயப்படுபொருளாகிறார். அக்குளிலும் முழங்காலுக்கு அடியிலும் கைகொடுத்து இருவர் அவரைத் தூக்குகின்றனர். நாற்காலி மடக்கப்பட்டுப் பின்பெட்டிக்குள் போகிறது. மின்கலத்தில் இயங்கும் நாற்காலிகள் பல மடங்குவதே இல்லை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கோ, ஒவ்வொரு தூக்கலிலும் தோல் உராய்ந்து புண்ணாகும் அபாயம் உண்டு. தரை தாழ்த்தப்பட்டு, பின்கதவில் சாய்தளமும் உள்ளே நாற்காலியைப் பிணைக்கும் பட்டைகளும் கொண்ட வண்டியில் அவர் நாற்காலியோடு ஏறுகிறார். அவ்வண்டியை ஆடம்பரம் என்போர் இந்த வினைமாற்றத்தையும் ஆடம்பரம் என்கின்றனர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பேருந்துக்கும் ரயிலுக்குமான சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு வரை வாசிப்போர் குறைவு. கட்டுப்படியாகும் செலவில் தனிநபர் இயக்கத்தை ஊக்குவிக்கும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது அது. சலுகைகளையும் வாகனங்களை மாற்றியமைப்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சொந்த வண்டி சிலருக்கே எட்டும் என்ற மறுப்பு உண்மைதான். 'கட்டுப்படியாகும் செலவில்' என்ற தொடர் சட்டத்தில் இடம்பெற்றதும் அதனால்தான். பேருந்தையும் சொந்த வண்டியையும் எதிரெதிரே நிறுத்தியது கருத்தரங்கு, சட்டமன்று.

அரசு சொற்களை மாற்றியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 'இன்வாலிட் கேரேஜ்', 2019 திருத்தத்தில் 'அடாப்டட் வெஹிக்கிள்' ஆயிற்று. இதை வெறும் ஒப்பனை என்று தள்ளிவிட முடியாது: முதலிலிருந்தே தனியாக வடிவமைக்கப்பட்ட வண்டியை மட்டும் ஏற்றது பழைய வரையறை, பின்னர் மாற்றியமைக்கப்பட்டதையும் ஏற்கிறது புதியது. ஆயினும் குறைபாடுடையவரால் அல்லது அவருக்காக 'மட்டுமே' பயன்படுத்தப்படுவது என்ற நிபந்தனை இரண்டிலும் அப்படியே நிற்கிறது. அவருடைய கணவர் அதே வண்டியில் மகளைப் பள்ளியில் விட்டுவந்தால் அது என்ன வண்டி? பக்கத்து வீட்டு மகிழுந்தை இக்கேள்வி தொடுவதில்லை. 2020 அக்டோபரில் பதிவுப் படிவம் 20இல் உரிமையாளர் வகையாக 'திவ்யாங்ஜன்' சேர்க்கப்பட்டது, அதற்குள்ளும் ஜி.எஸ்.டி. சலுகை பெற்றவர், பெறாதவர் என இரு பிரிவு.

அந்தச் சலுகையின் கதையே அலாதி. கைகால் இயக்கக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர்க்கு 28க்குப் பதிலாக 18 விழுக்காடு வரி. வண்டியின் நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது. பெட்ரோல் எஞ்சினாயின் 1200 சி.சி., டீசலாயின் 1500 சி.சி. வரம்பு. நீளம் அளக்கப்பட்டது, எஞ்சின் அளக்கப்பட்டது. நாற்காலி நுழைய வேண்டிய கதவின் உயரத்தை எவரும் அளக்கவில்லை. (சான்றிதழ் வழங்கியது கனரகத் தொழில்கள் அமைச்சகம், சிரிப்பதற்கு இதிலேனும் இடமுண்டு.) 2025 செப்டம்பர் 22 முதல் சிறு மகிழுந்துகளுக்கான வரி அனைவருக்கும் 18 ஆனது. வரவேற்கத்தக்கதே, ஆனால் அன்றே சலுகை பொருளிழந்தது. நாற்காலிக்கும் துணையாளருக்கும் இடமளிக்கும் பெரிய வண்டிக்கு இப்போது 40 விழுக்காடு. முந்தைய வரியும் தீர்வையும் சேர்ந்த தொகையை விட அது குறைவுதான், ஆனால் எல்லோருக்கும் ஒன்றாகவே குறைந்தது. மாற்றியமைக்கும் உபகரணத் தொகுப்புக்கான வரியை 5 விழுக்காடாக்க 2021இல் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது, தரையை வெட்டித் தாழ்த்தும் செலவு அதனால் தீர்ந்துவிடவில்லை.

கோரிக்கை சிக்கலானதன்று. சலுகையின் அளவுகோல் வண்டியின் நீளமாக அல்லாமல் நாற்காலியின் நுழைவாக இருக்கட்டும். 'மட்டுமே' நீக்கப்படட்டும். மாற்றியமைக்கும் செலவில் அரசு பங்கேற்கட்டும். பேருந்துக்கான போராட்டம் இதனால் நிற்கப்போவதில்லை; தாழ்தளப் பேருந்து வந்து நிற்கும் நிறுத்தம் வரையிலும் ஒருவர் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. அதுவரை அவரைக் காத்திருக்கச் சொல்லும் ஆய்வாளர்கள், தம் துறையின் களப்பணிக்கான பயணப்படி விதிகளில் சாய்தள வண்டியின் வாடகைக்கு இடமிருக்கிறதா என்று நாளை காலை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.