இல்லாளைக் கேளாது அமைத்த இல்லம்

'இல்' என்னும் சொல் வீட்டைக் குறிக்கும். வீட்டை உடையவள் இல்லாள். ஆண்பால் விகுதியைச் சேர்த்து 'இல்லான்' என்று சொன்னாலோ வீட்டுக்குடையவன் என்னும் பொருள் வருவதில்லை. யாதுமில்லாத வறியவன் என்னும் பொருளே வருகின்றது. இதனை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் மாணவியர் நகைப்பர். மாணவர் முகட்டைப் பார்ப்பர். முன்னது வீட்டைக் குறிக்கும் இல், பின்னது இன்மையைக் குறிக்கும் இல் என்று இலக்கணம் வல்லார் விளக்கம் கூறுவர். அவ்விளக்கம் சரியானதே. எனினும் கிழக்கிலங்கைக் கரையிலே பிறந்து வளர்ந்தவர்க்கு அந்த வேடிக்கையினுள்ளே ஓர் உண்மையும் தென்படாமற் போகாது.

நம் கரையிலே, தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், வீடு மகளுக்கென்றே கட்டப்படுகின்றது. மணம் பேசும்போது வீடும் பேசப்படும். மணமகன் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். பெற்றோர் அதே வளவிற் சிறியதொரு குடிலைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவர். அல்லது அடுத்த மகளுக்காக இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவர். அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆராயத் தொடங்கியவர். இரு சமூகத்தாரிடத்தும் இவ்வழக்கம் ஒத்திருத்தலை அவர் 2008 இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். உறுதியிலே பெயரெழுதி வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகின்றோம். அவ்வீட்டின் உட்புறம் எவ்வாறு அமையவேண்டும் என்று மட்டும் அவளை ஒருவரும் கேட்பதில்லை. இக்குறையைப் பற்றியே சில சொல்லக் கருதுகின்றேன்.

இதனை எழுதத் தூண்டியவள் என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி. உள்ளகக் கட்டடக்கலையிற் பட்டம் பெற்று அண்மையிலேதான் கல்முனைக்குத் திரும்பினாள். மடிக்கணினியுடன் ஒரு மாலைப்பொழுது என் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்து, "சேர், இது எனது முதல் வேலை" என்று சில படங்களைக் காட்டினாள். கட்டாரிலே தொழில் செய்யும் அவளுடைய மாமா கட்டுவிக்கும் வீடு அது. வெண்ணிறக் கூடம், தொங்கும் விளக்குகள், மேற்குப்புறம் முழுவதும் கண்ணாடிச் சுவர், அதன் எதிரே நீண்ட மெத்தைக் கதிரை. படம் கண்ணைப் பறித்தது. கூடத்தின் ஓரத்தில் வழவழப்பான கருங்கற் பலகையோடு அடுப்பொன்றும் இருந்தது.

"இதிலேதானா பிள்ளை, சமையல் நடக்கும்?" என்று கேட்டேன்.

"இல்லை சேர், இது பென்றி. உண்மையான குசினியைப் பின்னாலே தகரம் போட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று மாமா சொல்லிவிட்டார்."

"மாமி என்ன சொன்னார்?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. மாமியிடம் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. மாமாதான் கைத்தொலைபேசியிலே படங்களை அனுப்பினார்; பணமும் அவரே அனுப்பினார்.

இப்பிள்ளையைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. நம் ஊர்களிற் புதிதாய் எழும் கல்வீடுகள் பலவற்றில் இவ்வாறு இரண்டு சமையலறைகள் உள்ளன. வருவோர் காண்பதற்கு ஒன்று. சோறு ஆக்குவதற்கு ஒன்று. முன்னதில் விளக்கும் காற்றும் அழகும் உண்டு. அதிலே தேநீர் மட்டும் ஊற்றப்படும். பின்னதிலே நாள்தோறும் ஐந்தாறு மணிநேரம் நிற்பவளுக்குத் தலைக்கு மேலே கொதிக்கும் தகரமும், முகத்துக்கு முன்னே மதிற்சுவரும், போக வழியில்லாத புகையுமே கிடைக்கும். வீட்டின் முழுச் செலவில் மிகக் குறைந்த பங்கு எங்கே போகின்றது என்று கணக்குப் பார்த்தால், மிகக் கூடிய நேரம் ஆள் நிற்கும் இடத்திலேதான் என்று விடை வரும்.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறொன்றையும் மறைத்தல் ஆகாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் பழைய ஓட்டு வீட்டை இடித்து நான் புதுவீடு கட்டினேன். பழைய வீட்டின் நடுவே சிறு முற்றம் ஒன்று இருந்தது. மழை உள்ளே அடிக்கின்றது, இடம் வீணாகின்றது என்று மேசன் சொன்னார். நானும் தலையசைத்து முற்றத்தை மூடி மேலே சீமெந்துத் தட்டுப் போடுவித்தேன். என் தாயார் "காற்று எங்கேயடா போகும்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். அதற்கு நான் மின்விசிறியைக் காட்டினேன். அதன்பின் அவர் உயிரோடிருந்த காலம்வரை, வைகாசி தொடங்கினால் நண்பகலில் வீட்டினுள்ளே இருந்ததில்லை. பாயை எடுத்துக்கொண்டு வேம்பின் கீழே போய்விடுவார். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தட்டு இரவிலே அதனைக் கக்கும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய எனக்குத் தெரியவில்லை.

கல்முனை கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பு. கிழக்கே கடற்காற்று; மேற்கே வயல்வெளியைக் கடந்து ஆனி ஆடியில் வீசும் கச்சான். கச்சான் வறண்ட காற்று. அனலைப் போல வரும். கார்த்திகை மார்கழியிலோ வடகீழ் பருவமழை சாய்ந்தடிக்கும். இவ்வூரிலே மேற்கை நோக்கிக் கண்ணாடிச் சுவர் வைப்பவர் மாலை வெயிலையும் கச்சானையும் கூடத்துக்கு அழைத்து உட்காரவைப்பவராவர். பின்னர் அவற்றை வெளியேற்றக் குளிரூட்டி வாங்குவர். பின்னர் மின்கட்டணத்தைக் கண்டு குளிரூட்டியை நிறுத்திவிட்டுத் திரைச்சீலையால் அக்கண்ணாடியையே மூடுவர். இந்த வட்டத்தை நான் பல வீடுகளிற் கண்டிருக்கின்றேன்.

உள்ளகக் கட்டடக்கலை என்றால் சுவருக்கு நிறமும் யன்னலுக்குச் சீலையும் தெரிவுசெய்தல் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆதலினாலேதான் வீடு கட்டி முடிந்தபின்னர் அக்கலை பயின்றோரை அழைக்கின்றனர், அழைத்தால். அவர்களுடைய வேலை சுவர் எழுமுன்னரே தொடங்கவேண்டியது. காற்று எந்த வழியாய் நுழைந்து எந்த வழியாய் வெளியேறும். விருந்தினர் கூடத்தில் இருக்கையிலே வீட்டுப் பெண்கள் அவர் கண்ணிற் படாது கிணற்றடிக்கு எவ்வாறு செல்வர். தொழுகைக்கோ வழிபாட்டுக்கோ அமைதியான மூலை எது. முதியவர் இரவில் எழுந்து நடக்கும் வழியிலே படி இருக்கின்றதா என்பனவெல்லாம் அவர்கள் எண்ணவேண்டியவை. இவற்றுக்கு விடை பாடநூலில் அரைப்பங்குதான் உண்டு. மற்ற அரைப்பங்கை வீட்டிலுள்ளவளே அறிவாள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கருத்தன்று. இந்நாட்டிலேயே ஒரு பெண் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்துகாட்டியது. கண்டியிலே 1918 இற் பிறந்த மினெற் டி சில்வா இலண்டனிற் பயின்று, 1948 இல் பிரித்தானிய வேத்தியற் கட்டடக்கலை நிறுவகத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களுள் அத்தகுதியைப் பெற்றவர் அவரே முதல்வர். மறு ஆண்டு நாடு திரும்பிக் கண்டியிலே தொழில் தொடங்கியபோது, அவரும் இன்றைய நம் பட்டதாரிப் பிள்ளைகளைப்போல அநுபவம் குறைந்தவரே. அவர் கட்டிய முதல் வீடு கண்டியிலுள்ள கருணாரத்ன இல்லம். 1951 இல் முடிந்தது. சீமெந்தும் கண்ணாடியும் அதிலும் உண்டு. ஆயினும் கதவுப் பலகைகளுக்குத் தும்பறைப் பாய் நெய்வோரின் பின்னல்களைப் பொருத்தினார். சுவருக்கு ஓவியர் ஜோர்ஜ் கீற்றைக் கொண்டு சித்திரம் தீட்டுவித்தார்.

அதனினும் என்னைக் கவர்ந்தது 1950 களின் பிற்பகுதியிலே அரச ஊழியருக்காகக் கண்டி வட்டபுலுவையில் அவர் அமைத்த வீட்டுத்திட்டம். ஒரே அச்சில் எல்லா வீடுகளையும் வார்த்துவிட்டுத் திறப்பைக் கையிற் கொடுத்தல் எளிது, செலவும் குறையும். அவரோ குடிவரப்போகும் குடும்பங்களுக்கு வினாக்கொத்து அனுப்பினார். அவர்களோடு இருந்து பேசினார். வெவ்வேறு இனத்தவரும் சமயத்தவரும் வெவ்வேறு வருவாயினரும் எவ்வாறு சமைக்கின்றனர், எங்கே உண்கின்றனர், யாரோடு வாழ்கின்றனர் என்று கேட்டறிந்து, அதற்கேற்ப வீட்டு வகைகளை வரைந்தார். வினாத்தாள் திருத்தியே காலம் கழிக்கும் ஆசிரியனுக்கு இது பெருமகிழ்ச்சி தரும் செய்தி. வினாத்தாளால் வீடும் கட்டலாம்!

அவருக்குப் பின்வந்து உலகப் புகழ்பெற்ற ஜெப்ரி பாவா, கொழும்பிலே ஏனா டி சில்வாவுக்கு 1960 முதல் 1962 வரை கட்டிய வீட்டில், நெருக்கமான நகரக் காணிக்குள்ளே நடுமுற்றத்தை மீட்டுக் கொண்டுவந்தார். மதிலுக்கு வெளியே வீடு தன்னைக் காட்டுவதில்லை. காற்றும் ஒளியும் நடுவிலிருந்து அறைகளுக்குப் போகும். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஒழுங்கைகளுக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறில்லை. (நான் மூடிய முற்றத்தை நினைத்துக்கொண்டே இதனை எழுதுகின்றேன்.) அந்த வீடு 2009 இற் கழற்றியெடுக்கப்பட்டு, பெந்தோட்டைப் பக்கத்திலுள்ள லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. பாதுகாக்கத்தக்கது என்று ஒரு வீட்டின் உட்புறத்தை எண்ணியோர் இந்நாட்டிலும் உளர்.

நிற்க. கொழும்பும் கண்டியும் நமக்குத் தூரம் என்பார் உளர். 2004 டிசெம்பர் 26 ஐ நினைப்போம். ஆழிப்பேரலையால் இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்று முதலிலே தடை விதிக்கப்பட்டது. பின்னர் கொடையாளிகளின் உதவியால் ஆகக் குறைந்தது 500 சதுர அடி கொண்ட வீடுகள் எழுந்தன. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நன்றியோடு போற்றுகின்றேன். ஆனால் உறுதிகள் பல இடங்களிற் குடும்பத் தலைவன் என்ற பெயரிலே கணவனுக்கு எழுதப்பட்டன. தாய்வழி வந்த வீட்டை அலை கொண்டுபோயிற்று; உரிமையைப் படிவம் கொண்டுபோயிற்று. உள்ளே பார்த்தாலும் அதே கதைதான். விறகடுப்புக்குப் புகைபோக்கி இல்லாத குசினி, வாசலில் நின்றாலே படுக்கையறை தெரியும் அமைப்பு என்பனவற்றைக் குடிபுகுந்த பெண்கள் தாமே கிடுகாலும் சீலையாலும் திருத்திக்கொண்டனர்.

அதே அலை அழித்த அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில், முஸ்லிம் மீனவர் குடியிருப்பொன்றுக்கு யப்பானியக் கட்டடக் கலைஞர் சிகெரு பான் வீடுகள் வரைந்தார். குடியிருப்போரை நேரிலே கேட்டார். குசினியும் குளியலறையும் வாழும் அறைகளினின்றும் பிரிந்திருக்கவேண்டும் என்றனர் அவர்கள். வீட்டோடு சேர்ந்திருக்கவேண்டும் என்றது அரசின் விதி. இரண்டுக்குமிடையே கூரையிட்ட முற்றமொன்றை வைத்து இரு தரப்பாரையும் அவர் திருப்திப்படுத்தினார். விருந்தினர் வந்தால் அமர்வதற்கு அம்முற்றம். பெண்கள் வேண்டும்போது ஒதுங்கிக்கொள்ள வழியும் உண்டு. சுவருக்கு மண்ணை அழுத்திச் செய்த கற்கள். உள்ளே தடுப்புக்கும் தளபாடத்துக்கும் இந்நாட்டு இறப்பர் மரம். 2013 இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசுக்கான குறும்பட்டியலில் அவ்வீடுகள் இடம்பெற்றன. இவ்வளவுக்கும் அடிப்படை அவர் கேட்ட கேள்விகள். தமிழோ சிங்களமோ தாய்மொழியல்லாத ஒருவர் கேட்டறிந்ததை, நம் பெண்களோடு ஒரே தமிழிற் பேசும் நம் பிள்ளைகள் கேட்டறிய முடியாதா?

தமிழாசிரியன் என்ற முறையில் நெடுநல்வாடையைச் சொல்லாமல் என்னால் விடமுடியாது. அரசியின் மனையை நக்கீரர் உள்ளே நுழைந்து பார்ப்பவர்போலக் காட்டுகின்றார். நிழலை நோக்கி நேரமறிந்து, கயிறு பிடித்துத் திசை குறித்து மனை வகுத்தவர்களையும் சொல்கின்றார். வாடைக்காலமாதலாற் சந்தனம் அரைக்கும் கல் வீணே கிடப்பதும், விசிறி தொழிலின்றித் தொங்குவதும், குளிர்நீரை விட்டு மக்கள் கணப்பைத் தேடுவதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. யானைத் தந்தத்தாற் செய்த கட்டிலின் வேலைப்பாட்டை நுணுக்கமாக விரித்துரைத்துவிட்டு, அதிலே படுத்திருப்பவளின் கண்ணீரையும் நமக்குக் காட்டுகின்றார். இப்பாட்டை உள்ளகக் கட்டடக்கலை மாணவர்க்குப் பாடமாக வைக்கலாம் என்பது என் துணிபு. அதனைப் படித்தவர் ஆளில்லாத அறைகளின் படத்தைக் கொண்டு மட்டும் திருப்தியடையார்.

இனிப் பட்டதாரிகளின் பக்கத்தையும் சொல்லவேண்டும். மேசனுக்கு நாட்கூலி கொடுப்போம். தச்சனுக்கு முற்பணம் கொடுப்போம். வரைந்தவளுக்கு மட்டும் "நம்ம பிள்ளைதானே" என்று தேநீர் கொடுத்தனுப்புவோம். வேலைத்தளத்துக்கு ஒரு பெண் போய்ச் சுவரை நகர்த்தச் சொன்னால் அதனைக் கேட்பார் இல்லை. இரண்டு ஆண்டு பார்த்துவிட்டு அவள் கொழும்புக்கோ டுபாய்க்கோ போய்விடுவாள். அங்கே கண்ணாடிக் கூடங்களை வரைவாள். அப்படங்களைக் கைத்தொலைபேசியிலே கண்டு நாம் இங்கே அவற்றைக் கட்டுவோம். மருதமுனைத் தறியிலே நெய்த துணி யன்னலுக்கு ஆகும், பன்பாய் தடுப்புக்கு ஆகும் என்று சொல்லக்கூடியவள் ஊரிலே இல்லாது போனால் அவற்றைச் சொல்பவர் யார்?

விழாவையொட்டிக் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்ப எண்ணும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். முகப்பிலே பொறிக்கவேண்டிய பெயர்களைத் தீர்மானிக்குமுன், உள்ளே பிற்பகல் இரண்டு மணிக்கு நாற்பது பிள்ளைகள் வாங்குகளில் இருக்கும்போது காற்று எங்கிருந்து வரும் என்பதனை இப்படிப் படித்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்பதற்குரிய கட்டணத்தையும் மதிப்பீட்டிலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மாணவி அடுத்த கிழமை மாமியிடம் போனாளாம். மாமி முதலில் "எனக்கு என்ன தெரியும்?" என்றாராம். பிறகு ஒன்றரை மணிநேரம் பேசினாராம். அடுப்பு கிழக்கு யன்னலோரம் இருக்கவேண்டும், பென்றி வேண்டாம், மீன் வெட்டவும் அரிசி புடைக்கவும் கூரையுள்ள முற்றம் வேண்டும், அடுப்படியில் நின்றபடியே படலையைத் திறந்து வருவது யாரென்று தெரியவேண்டும். கடைசிக் கோரிக்கைக்காகச் சுவரொன்றை நகர்த்தி, கண்ணாடியை நீக்கி, படத்தை முற்றாகத் திருத்தி வரைந்து மாமாவுக்கு அனுப்பியிருக்கின்றாள். கட்டாரிலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை. அத்திவாரம் தை மாதத்தில் வெட்டுவதாக ஏற்பாடு.