எய்தவன் இருக்க ஸ்டைலஸை நோவானேன்?

'ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட்' என்று பேச்செடுத்தாலே போதும், சொல்லி வைத்தாற்போல ஒரே பாட்டுதான் வரும். "அதுவா? குச்சியை வைத்துக்கொண்டு விமானம் ஓட்டச் சொல்வார்களே, அதுதானே? குச்சியாலேயே கெட்டுப்போன விளையாட்டு!" 2006 ஆகஸ்டில் நின்டென்டோ டி.எஸ். கருவிக்காக வெளிவந்த விளையாட்டு இது. இத்தனை வருடம் கழித்தும் தீர்ப்பு மாறவில்லை. விளையாடியவர்களும் இதையே சொல்கிறார்கள், விளையாடாதவர்கள் இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள்.

விளையாட்டில் கோளாறு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூண்டில் நிற்க வேண்டியது குச்சி கிடையாது. தப்பு செய்தவன் வெளியே ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அப்பாவி ஸ்டைலஸ் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது.

டி.எஸ். கருவியைக் கையில் பிடிக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 2004 கடைசியில் வந்த கருவி அது. புத்தகம் போலத் திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழே இருப்பது தொடுதிரை. விரலாலும் தொடலாம், கருவிக்குள்ளேயே செருகி வைத்திருக்கும் ஸ்டைலஸ் குச்சியாலும் தொடலாம். உலகம் முழுக்கப் பதினைந்து கோடிக்கும் மேல் விற்றது. கமாண்டில் நம் ஆர்விங் விமானம் பறப்பது மேல்திரையில். கீழ்த்திரையில் வரைபடம். குச்சியைக் கீழ்த்திரையில் வைத்து எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அதற்கேற்ப விமானம் திரும்பும். சுடுவதற்கு எந்தப் பட்டனை அழுத்தினாலும் சரி. குச்சியால் இடதும் வலதுமாக வேகமாகக் கிறுக்கினால் விமானம் உருண்டு சுழன்று எதிரி குண்டுகளைத் தள்ளிவிடும். பாம் போட வேண்டுமா? அதன் படத்தைத் தொட்டு இழுத்துக்கொண்டு போய் வரைபடத்தில் வேண்டிய இடத்தில் விட்டால் போதும். விமானத்தைப் பட்டனால் ஓட்டும் வழி மட்டும் கிடையவே கிடையாது. சண்டை தொடங்கியதே இங்கேதான்.

குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"பட்டன் இருக்கும்போது குச்சி எதற்கு?"

டி.எஸ்.ஸில் அனலாக் ஸ்டிக் கிடையாது. இருந்ததெல்லாம் கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன் ஒன்றுதான். அது எட்டுத் திசையைச் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. "கொஞ்சமாக இடப்பக்கம்" என்பதும் "முழுசாக இடப்பக்கம்" என்பதும் அதற்கு ஒன்றுதான். முப்பரிமாண வெளியில் பறக்கிற விமானத்துக்கு இந்த 'எவ்வளவு' என்பதுதான் உயிர். 1997-இல் நின்டென்டோ 64-இல் வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' கையில் அவ்வளவு இதமாக உட்கார்ந்ததற்கு அந்தக் கருவியின் அனலாக் ஸ்டிக் ஒரு பெரிய காரணம். லேசாகத் தள்ளினால் லேசாகச் சாயும், அழுத்தித் தள்ளினால் சரேலென்று திரும்பும்.

ஸ்டிக்குக்காகச் செய்த விளையாட்டைத் திசைப் பட்டனுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதே டி.எஸ்.ஸிலேயே சாட்சி இருக்கிறது. கருவியோடு கூடவே 2004-இல் வந்த 'சூப்பர் மாரியோ 64 டி.எஸ்.' ஒரிஜினலில் வழுக்கிக்கொண்டு ஓடிய மாரியோ, இங்கே எட்டுத் திசைக்குள் மாட்டிக்கொண்டு திணறினார். டி.எஸ்.ஸில் 'எவ்வளவு' என்பதைச் சொல்லத் தெரிந்த ஒரே உறுப்பு அந்தத் தொடுதிரை. கமாண்ட் செய்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டது புத்திசாலித்தனம். அரை மணி நேரம் பொறுமையாகப் பழகினால் குச்சியில் கிடைக்கும் நுணுக்கம் திசைப் பட்டனில் கனவிலும் கிடைக்காது.

பட்டன் வழியையும் கூடவே கொடுத்திருக்கலாமே என்றால், கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். குச்சி பிடிக்க முடியாத கைகளும் உலகத்தில் இருக்கின்றன. அவர்களுடைய புகார் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் "எனக்கு வழி விடவில்லை" என்பது வேறு, "குச்சியால் விளையாட்டே நாசம்" என்பது வேறு. முன்னதைச் சாக்காக வைத்துப் பின்னதைச் சொல்வது போங்கு ஆட்டம்.

"கை திரையை மறைக்கிறது"

இதைச் சொல்பவர்கள் கமாண்டைத் தொட்டே பார்க்கவில்லை என்று தாராளமாக முடிவு செய்யலாம் :-) விமானம் மேலே, கை கீழே. எதை மறைக்கும்? டி.எஸ்.ஸின் இரண்டு திரையை இதைவிட ஒழுங்காக ஒரு பறக்கும் விளையாட்டு பயன்படுத்திவிட முடியாது.

தொடுதிரையை நிஜமாகவே கோணல் மாணலாகப் பயன்படுத்திய விண்வெளி விளையாட்டு வேண்டுமென்றால், 2005-இல் வந்த 'நானோஸ்ட்ரே'வைப் பார்க்கலாம். கண்ணுக்கு அழகான விளையாட்டுதான். கப்பலை நகர்த்தத் திசைப் பட்டன், சுடப் பட்டன், ஆயுதத்தை மாற்ற மட்டும் கீழ்த்திரையைத் தொட வேண்டும். குண்டு மழைக்கு நடுவே ஒரு கையை எடுத்துத் திரையைத் தடவச் சொன்னால் மூன்றாவது கைக்கு எங்கே போவது? அங்கே தொடுதிரை ஒட்டுப்போட்ட துணி. கமாண்டில் அதுதான் ஸ்டியரிங். இரண்டையும் ஒரே தராசில் போட்டு "தொடுதிரையே வேஸ்ட்" என்று சொல்வது அநியாயம்.

"கை வலிக்கிறது"

உண்மை. மறுப்பதற்கில்லை. டி.எஸ். லைட் 218 கிராம். அதை இடது கை ஒன்றே தாங்க வேண்டும், அதே கையின் விரல்தான் சுடவும் வேண்டும். வலது கை முழுக்கக் குச்சிக்கு. ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். அடுத்த தலைமுறையான 3டி.எஸ்.ஸில் 2012-இல் 'கிட் இகாரஸ்: அப்ரைசிங்' வந்தபோது, கருவியை மேஜையில் நிறுத்தி விளையாட ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டையே பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். கை வலி கம்பெனிக்கும் தெரிந்த ரகசியம்தான்.

ஆனால் ஒன்று. கமாண்டில் கை வலிக்க ஒரு மணி நேரம் ஆகும். போரடிக்க இருபது நிமிடம் போதும். ஆக, வலியைவிட முன்னால் வந்து நிற்கிற அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

உண்மையான குற்றவாளி

1993-இல் வந்த முதல் ஸ்டார் ஃபாக்ஸும் சரி, 1997-இன் 64-ம் சரி, பெரும்பாலும் 'தண்டவாள' விளையாட்டுகள். விமானம் ஒரு வகுத்த பாதையில் தானாகவே முன்னே போய்க்கொண்டிருக்கும். நாம் அதற்குள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரலாம். சுதந்திரம் குறைவு என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறைவில்தான் விஷயமே இருக்கிறது. விமானம் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியும். ஆகவே எந்தக் கட்டடம் எப்போது சரிய வேண்டும், எதிரிக் கூட்டம் எந்த மூலையிலிருந்து பாய வேண்டும், தோழன் எப்போது ரேடியோவில் அலற வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர் கோர்க்க முடியும். ஒவ்வொரு கிரகமும் ஒரு தனிப் படம் மாதிரி நினைவில் நிற்பது அதனால்தான்.

64-இலும் திறந்தவெளியில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடும் கட்டங்கள் உண்டு. ஆனால் அவை கொஞ்சம்தான். கமாண்டில் தண்டவாளத்தை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு எல்லாச் சண்டையையும் திறந்தவெளி ஆக்கிவிட்டார்கள். தொட்டுக்கொள்ள இருந்த ஊறுகாயையே முழுச் சாப்பாடாகப் பரிமாறினால் எப்படி இருக்கும்? ஒரு பரந்த வெளி, வரைபடத்தில் சில புள்ளிகள், கடிகாரம் ஓடுகிறது. குறிப்பிட்ட எதிரிகளைச் சுட்டு அவை விட்டுப்போகும் நட்சத்திரத்தைப் பொறுக்க வேண்டும். முடிந்தது. அடுத்த சண்டை? அதேதான். நிலத்தின் நிறம் மட்டும் மாறியிருக்கும். இதை அனலாக் ஸ்டிக்கில் விளையாடினால் மட்டும் இனித்துவிடுமா?

பாதை பிரியும் விஷயத்தையும் பாருங்கள். 64-இல் முதல் கிரகமான கார்னீரியாவில் ஃபால்கோவைக் காப்பாற்றி, கல் வளைவுகள் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து பறந்தால்தான் அவன் அருவிக்குப் பின்னால் இருக்கும் வழியைக் காட்டுவான். அடுத்த இடமான மீட்டியோவில் நீல வளையங்கள் அத்தனையிலும் புகுந்தால்தான் வேறு பாதை திறக்கும். அதாவது, எங்கே போவது என்பதைக் கை முடிவு செய்தது. கமாண்டில் ஒன்பது முடிவுகள் இருக்கின்றன, கணக்குக்குப் பிரமாதம். ஆனால் அவற்றுக்குப் போகும் வழி, சண்டைகளுக்கு இடையே வரும் கேள்விக்கு "இதுவா அதுவா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஹோட்டலில் மெனு கார்டு பார்ப்பது போல. நன்றாகப் பறந்தவனுக்கும் சுமாராகப் பறந்தவனுக்கும் ஒரே மெனு கார்டு.

இந்த வரைபட யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. கமாண்டை நின்டென்டோவோடு சேர்ந்து உருவாக்கியது கியோட்டோவில் இருக்கும் கியூ-கேம்ஸ். அதைத் தொடங்கிய டிலன் கத்பர்ட் முதல் ஸ்டார் ஃபாக்ஸில் வேலை செய்த ப்ரோகிராமர். 'ஸ்டார் ஃபாக்ஸ் 2'-இலும் அவர் உண்டு. அந்த இரண்டாம் பாகத்தை 1990-களில் முடித்தும் நின்டென்டோ வெளியிடாமல் பரணில் போட்டுவிட்டது. கடைசியில் 2017-இல்தான் சூப்பர் நின்டென்டோவின் குட்டி மறுபதிப்புக் கருவிக்குள் வைத்து வெளியே விட்டார்கள். வரைபடத்தில் கப்பலை நகர்த்தி, சொந்தக் கிரகத்தை நோக்கி வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் யோசனை அதிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே நாம் ஓர் எதிரியோடு மல்லுக்கட்டும்போதே மற்ற ஏவுகணைகள் நகர்ந்துகொண்டிருக்கும். சீக்கிரம் முடிக்காவிட்டால் ஊர் எரியும். அந்தப் பதற்றம்தான் அந்த யோசனையின் உயிர். கமாண்டில் அதைச் சதுரங்கம் மாதிரி மாற்றிவிட்டார்கள். குச்சியால் கோடு வரைந்து, நிதானமாக யோசித்து, "சரி, போகலாம்" என்று அழுத்தலாம். உடம்பை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டு வந்த கதை. இதிலும் குச்சிமேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லப்போனால் வரைபடத்தில் கோடு போட அதைவிடச் சிறந்த கருவி வேறு எது?

இதனால் என்ன நஷ்டம்?

பழைய விளையாட்டு ஒன்றின்மேல் தப்பான பழி விழுந்தால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். பழியைத் தப்பான இடத்தில் போட்டால் பாடமும் தப்பாகவே கிடைக்கும்.

2011-இல் 64-ஐயே 3டி.எஸ்.ஸுக்காக மெருகேற்றி விட்டார்கள். தண்டவாளமும் பழையது, கோர்வையும் பழையது. எல்லோரும் பாராட்டினார்கள். "பார்த்தாயா, குச்சி போனதும் நன்றாகிவிட்டது" என்றார்கள். நன்றானதற்குக் காரணம் 1997-இல் யாரோ உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்த லெவல்கள் என்று எத்தனை பேர் சொன்னார்கள்? பிறகு 2016-இல் வீ யூ கருவிக்கு 'ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ' வந்தது. தண்டவாளம் திரும்பி வந்தது, ஆனால் கையிலிருக்கும் பெரிய கேம்பேடை ஆட்டி ஆட்டிக் குறிபார்க்க வேண்டும், டி.வி.யையும் கேம்பேடையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இங்கேதான் கட்டுப்பாடு நிஜமான குற்றவாளி. கமாண்டில் கண்ணுக்கு மேல்திரை, கைக்குக் கீழ்த்திரை என்று தெளிவாகப் பிரித்த வேலையை, பத்து வருடம் கழித்து இங்கே கண்ணுக்கே இரண்டு திரை என்று குழப்பிவிட்டார்கள். 2006-இல் எது நன்றாக இருந்தது, எது மோசம் என்று ஒழுங்காகப் பிரித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கூத்து தேவைப்பட்டிருக்காது.

தொடுதிரையும் நல்ல கோர்வையும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஜப்பானின் கேவ் நிறுவனம் 2005-இல் ஆர்கேடுக்காகச் செய்த 'எஸ்ப்கலூடா 2' விளையாட்டை 2010-இல் ஐஃபோனுக்குக் கொண்டுவந்தது. திரையில் எங்கே வேண்டுமானாலும் விரலை வைத்து நகர்த்தலாம், அந்த அளவுக்கு நம் ஆள் நகர்வான். அவன்மேலேயே விரலை வைத்து மறைக்கத் தேவையில்லை. ஆர்கேடு மெஷினின் ஜாய்ஸ்டிக்குக்காக வகுத்த குண்டு மழை, கண்ணாடியின்மேல் வழுக்கும் ஒற்றை விரலுக்கும் அழகாகப் பொருந்தியது. எதிரி எப்போது, எங்கிருந்து, எப்படி வர வேண்டும் என்று யாரோ கவலைப்பட்டிருந்தார்கள். அந்தக் கவலை இருந்தால் குச்சியானாலும் விரலானாலும் ஆட்டம் நிற்கும். அது இல்லாவிட்டால் தங்கத்தில் ஸ்டிக் செய்து கொடுத்தாலும் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு ஒரு குழந்தை முதன்முதலில் தொடும் விளையாட்டு பெரும்பாலும் தொடுதிரையில்தான் இருக்கிறது. "பட்டன் இல்லாததெல்லாம் ஒரு விளையாட்டா?" என்கிற இளக்காரம் அந்தக் குழந்தையைப் பார்த்துச் செய்வது. அதைவிட மோசம், "தொடுதிரைக்கு இவ்வளவு போதும்" என்று சோம்பேறித்தனமாகச் செய்து தள்ளுகிறவர்களுக்கு அதுவே கவசம். விளையாட்டு மொக்கையா? பழியைத் திரைமேல் போடு. வேலை முடிந்தது.

கமாண்டின் வைஃபை ஆட்டம் 2014 மே மாதம் நின்டென்டோ தன் சர்வர்களை மூடியபோதே போய்விட்டது. மிச்சமிருப்பது தனியாள் ஆட்டம்தான். பழைய டி.எஸ். எங்காவது அகப்பட்டால் இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டு சண்டையில் குச்சி படுத்தும். நான்காவது சண்டையில் விமானம் பேனா முனைபோல வளைந்து நெளிந்து சொன்னபடி கேட்கும். எட்டாவது சண்டையில், இவ்வளவு நன்றாகப் பறக்கிற விமானத்துக்குப் பறக்க ஒரு உருப்படியான இடம் செய்து கொடுக்கவில்லையே என்று ஆத்திரம் வரும்.

அந்த ஆத்திரம்தான் நியாயமான ஆத்திரம். அதைக் குச்சிமேல் காட்ட வேண்டாம்.