பாலைவனத்துக்குக் கிளம்புறீங்களா? கைடுகிட்ட நோயை மறைக்காதீங்க



அக்டோபர் தொடங்கி மார்ச் வரை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் தார் பாலைவனத்தில் முகாம் சீசன். நம்ம ஊர்லேர்ந்தும் குழு குழுவா கிளம்புறாங்க. ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் அஸ்தமனம், ராத்திரி கூடாரம். நல்ல விஷயம்தான், போங்க.

ஆனா போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் நானும் ஒரு குழுவோட போயிருந்தேன். ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். அங்கிருந்து ஒட்டகத்தில் இன்னும் உள்ளே. கூட இரண்டு உள்ளூர் வழிகாட்டிகள்.

இரவு எட்டு மணி இருக்கும். நெருப்பைச் சுத்தி உட்கார்ந்திருக்கோம். சமையல் இன்னும் முடியல. அதுவரை கலகலன்னு பேசிட்டிருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குத் திடீர்னு பேச்சு குழறுது. கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பதில் சொல்றார்.

"அண்ணன் சரக்கு போட்டுட்டார் போல"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

சிரிக்காதவர் ஒட்டகம் ஓட்டிவந்த பெரியவர் மட்டும்தான். அவர் இந்தியில் சொன்னதை, எங்களை அழைச்சிட்டு வந்த தம்பி தமிழில் சொன்னார்: "சாயங்காலத்துலேர்ந்து இவர் என்கூடதான் இருக்கார். குடிக்கல. மேடு ஏறும்போதே கை நடுங்குச்சு. இந்தக் குளிர்லயும் சட்டை நனைஞ்சிருக்கு, பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். தொப்பலா வியர்வை.

"அண்ணே, சுகர் மாத்திரை போடுறீங்களா?"

தலையாட்டினார்.

மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பாடு தள்ளிப்போய், வழக்கமில்லாத நடையும் சேர்ந்தா ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடும். நினைவு இருந்ததால, முழுங்கவும் முடிஞ்சதால, நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிஷத்தில் தெளிந்தார். உடனே ரொட்டி கொடுத்தோம்.

சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை மறுபடியும் இறங்கும். அதனால அங்கேயே தூங்க விட முடியாது. அந்த இருட்டில், மணல் பாதை தெரிந்த ஜீப் டிரைவரைப் பிடித்துக் கொடுத்ததும் அதே பெரியவர்தான். ஜெய்சல்மேர் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கக் கண்காணிப்பு. காலையில் நல்லபடியா திரும்பினார்.

ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா டூர்ல சேர்த்துக்க மாட்டாங்கன்னு பயந்தேன் சார்."

இதுதான் என்னை உறுத்துது. கூடாரத்தில் அட்டாச்டு பாத்ரூம் உண்டான்னு கேட்கிறோம். கைடு யார், எத்தனை பேருக்கு ஒருத்தர்னு கேட்கிறதில்ல. "அவருக்கு என்ன தெரியும்"னு ஒரு இளக்காரம் வேற.

நான் எம்.பி.பி.எஸ். படிச்சவன். எதிரே உட்கார்ந்திருந்தும் கவனிக்கல. அவர் கவனிச்சார். தினமும் ஆட்களைக் கூட்டிட்டுப் போறவருக்கு, யார் நடை மாறுது, யார் பின்தங்குறாங்கன்னு கண்ணுல படும். ஆஸ்பத்திரி தூரமா இருக்கிற இடத்தில் உங்களுக்கு முதல் டாக்டர் அவர்தான். முதல் டாக்டர்கிட்டயே நோயை மறைச்சா எப்படி?

அதனால, என் வேண்டுகோள்:

1. சுகர், பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் எதுவா இருந்தாலும் கைடுகிட்டயும் கூட வர்ற ஒருத்தர்கிட்டயும் சொல்லுங்க. கிளம்பும் முன் உங்க டாக்டரையும் பாருங்க.

2. மாத்திரை, சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் உங்க கைப்பையில் இருக்கட்டும். ஒட்டகத்தில் ஏத்தின மூட்டையில் வேண்டாம்.

3. சுகர் நோயாளி மயங்கிட்டா வாயில் எதையும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

4. காய்ந்த காற்றில் வியர்வை உடனே உலர்ந்துடும், உடம்பில் நீர் குறையிறது தெரியாது. தாகம் எடுக்கும் முன்னாடியே தண்ணி குடிங்க.

5. குளிருதுன்னு கூடாரத்துக்குள்ள கரி அடுப்பு வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போயிடும்.

6. கைடு "அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னா போகாதீங்க. செருப்பில்லாம, டார்ச் இல்லாம ராத்திரி நடக்காதீங்க. அங்கே சுருட்டை விரியன் உண்டு.

டூர் நடத்தும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பெயர், வயசோட நோய், மாத்திரை விவரமும் கேட்டு வாங்குங்க. ஒதுக்கிறதுக்காக இல்ல, சாப்பாட்டை நேரத்துக்குப் போடுறதுக்காக. அதைத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அவருக்கு ஏழு மணிக்கே ரொட்டி கிடைச்சிருக்கும்.

இந்த சீசனில் கிளம்பும் நண்பர்களுக்குப் பகிருங்கள்.