மா மூட்டையின் திகதியைக் கேட்போம்

சீனன்குடா பிரிமா ஆலையில் 1980 முதல் அரைபடும் கோதுமை மா, மலையேறி வந்து நம் லயங்களில் ரொட்டியாகிறது. மூட்டையில் அச்சிட்ட திகதி, ஈரம் படாமல் வைத்த மாவுக்கே பொருந்தும். மழைக்காலத்தில் திகதிக்கு முன்பே மா கெட்டுவிடும். திகதி சில நாள் தாண்டினாலும், உலர்ந்து மணம் மாறாத மா உடனே நஞ்சாகிவிடாது. கட்டிபிடித்து வாடையடித்தால் ஒதுக்குங்கள். சலித்தால் வண்டு போகும். பூஞ்சண நஞ்சு சலித்தாலும் போகாது, சுட்டாலும் போகாது.

வீட்டிலுள்ள மாவைப் பற்றி நாம் முடிவெடுக்கலாம். கடையில் அப்படியல்ல: காலாவதியான பொருளை விற்பது சட்டப்படி குற்றம். சில்லறையாக நிறுத்துத் தரும்போது மூட்டையைக் காட்டச் சொல்வோம். மலிவென்று பழையதைத் தலையில் கட்டினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுவோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்போம். உழைத்த காசுக்கு நல்ல மா கேட்க நமக்கு உரிமையுண்டு.