மூன்று நாட் சிங்கப்பூர்

விடுமுறை அணுகுகின்றது என்பதை அறியப் பஞ்சாங்கம் பார்க்கவேண்டியதில்லை; எமக்கு வரும் கடிதங்களே அதனை அறிவித்துவிடும். சென்ற கிழமை பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவர். மனைவியும் இரு பிள்ளைகளும் உளர். வயது முதிர்ந்த மாமியாரும் உடன் இருக்கின்றார். "சேர், டிசம்பரில் மூன்று நாள் சிங்கப்பூர் போய்வரலாமென்று காசு சேர்த்திருக்கிறோம். எந்தெந்த இடங்களைப் பார்க்கவேண்டுமென்று ஒரு பட்டியல் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டிருந்தார்.

பட்டியல் எழுதுவதில் எனக்கு அநுபவம் உண்டு. அந்த அநுபவத்தினாலேயே எழுதத் தயங்குகின்றேன்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நாங்கள் ஐவர் அந்நகருக்குச் சென்றோம். நான், என் மனைவி, ஒன்பது வயது மகன், அவனுக்கு இளைய மகள், எழுபது வயதான என் தாயார். கல்லூரியிலே நேரசூசி தயாரிப்பவன் நான். ஆகவே இந்தப் பயணத்துக்கும் ஒரு நேரசூசி தயாரித்தேன். மூன்று நாளுக்குப் பத்தொன்பது இடங்கள். பாடவேளைக்கு மணியடிப்பதுபோல ஒவ்வோர் இடத்துக்கும் நாற்பது நிமிடம். இடையே பிரயாணத்துக்கு இருபது நிமிடம். தட்டெழுத்திற் பொறித்து எல்லோர் கையிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன்.

அம்மா அதனை வாசித்துப் பார்க்கவேயில்லை. "தம்பி, எனக்கு வேறை ஒண்டும் பாக்கவேண்டாம். ஐயா வேலை செய்த ஸ்ரேசனை ஒருக்காக் காட்டிவிடு, காணும்" என்றார். பத்தொன்பதில் அதுவும் ஒன்றாக இருந்தது. மூன்றாம் நாட் பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடத்திலிருந்து நான்கு நாற்பது வரை!

அம்மா பிறந்தது சிங்கப்பூரில், 1944ஆம் ஆண்டில். அப்பொழுது அந்நகரை யப்பானியர் ஆண்டனர். அதற்குச் சியோனான் என்று பெயரும் மாற்றியிருந்தனர். மலாயாவிலே ஈயமும் றப்பரும் பெருகப் பெருகப் புகையிரதப் பாதைகளும் பெருகின. அப்பாதைகளுக்கு ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞரும் நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். என் பாட்டனாரும் அவ்வாறு சென்றவர். தஞ்சோங் பாகர் நிலையத்திலே சரக்குப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, 1953இல் பென்சன் பெற்றுக் குடும்பத்துடன் ஊர் திரும்பினார். அம்மாவுக்கு அப்பொழுது வயது ஒன்பது. எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவிக்கும் வழக்கம் இருந்ததில்லை. யப்பானியர் காலத்தில் அரிசி கிடையாமல் அதனையே தின்று கிடந்த என் பாட்டியார், ஊருக்கு வந்தபின் அதனைப் படலைக்குள்ளே வரவிடவில்லை என்று அம்மா சொல்வார்.

முதல் நாளுக்கு வருகின்றேன். நள்ளிரவுக்குப் பின் கட்டுநாயக்காவிற் புறப்பட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறந்து காலையிற் போய் இறங்கினோம். சிங்கப்பூரின் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஆகவே போகும்போது ஓர் இரவின் நித்திரையிற் பாதி வானத்திலே தொலைந்துவிடும். இதனை நான் நேரசூசியிற் கணக்கிடவில்லை. மற்றொன்றையும் கணக்கிடவில்லை. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. சூரியனை மட்டும் நம்பினால் அதன் கடிகாரம் கிறீனிச் நேரத்துக்கு ஏழு மணி முந்தியிருத்தல் போதும். ஆனால் 1982 முதல் எட்டு மணி முந்தியதாக வைத்திருக்கின்றனர். அதன் பயனாக விடிவது காலை ஏழு மணியளவில். பொழுது சாய்வதும் மாலை ஏழு மணியளவில். உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கன்று, ஒரு மணிக்கு. பூகோளம் படித்த மாணாக்கர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

அந்த ஒரு மணிக்குத்தான் நான் அம்மாவை நடத்திச் சென்றேன். தென்பாலத் தெருவிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரை வழியாகச் சிங்க மீன் சிலைக்குப் போவது திட்டம். அந்தக் கோயில் 1827இல் நாராயண பிள்ளை என்னும் தமிழரால் நிறுவப்பட்டது. அவர் 1819இல் இராபிள்சுடன் பினாங்கிலிருந்து அங்கு வந்தவர். கோயில் இருப்பதோ சீனர் நிறைந்த பகுதியின் நடுவில்! இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டு முன்னே நடந்தேன். பிந்திவிட்டோம் என்ற எரிச்சலில், "அம்மா, கொஞ்சம் கெதியா வாங்கோ, நேரம் போகுது" என்று திரும்பிப் பாராமலே சொன்னேன். மறுமொழி வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா ஒரு தூணைப் பிடித்தவாறு நிலத்தில் இருந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

அருகில் ஒரு சிறு கடை. அங்கிருந்த சீனக் கிழவர் ஒருவர் தம் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்; அம்மாவை அதில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். மலாய் மொழியில் ஏதோ கேட்டார். அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு மலாயிலேயே விடை சொன்னார். ஒரு சொல்லல்ல, நாலைந்து வாக்கியம். அறுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவர் செவியிலும் விழாத மொழி அது. அம்மாவுக்கு அது தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாது. கிழவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். "தெரிமா காசே" என்று கைகூப்பினார். மகன் என்னைப் பார்த்து, "அப்பா, அப்பம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மிகுதி இடங்களைக் கைவிட்டு அறைக்குத் திரும்பினோம். மறுநாட் காலையில் வாடகைக் கார் பிடித்து நேரே தஞ்சோங் பாகருக்குப் போனோம்.

அந்நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. முகப்பிலே வெண்பளிங்கில் நான்கு பெரிய உருவங்கள் நிற்கின்றன. இத்தாலியச் சிற்பி ஒருவர் செய்தவை. கமத்தொழில், கைத்தொழில், வாணிகம், போக்குவரத்து என்பவற்றைக் குறிப்பன. அவற்றுடன் எப், எம், எஸ், ஆர் என்று நான்கு ஆங்கில எழுத்துகள். ஐக்கிய மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதி என்பதன் சுருக்கம். 2011 யூன் மாத முடிவுடன் அங்கு புகையிரதம் வருவது நின்றுவிட்டது. கட்டடத்தை அதே ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக்கினர். நாங்கள் போனபோது வாசல் அடைத்திருந்தது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம்.

அம்மா அண்ணாந்து பார்த்து அந்த நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். "ஏ, பீ தெரியுமுன்னம் எனக்கு இந்த நாலு எழுத்தும் தெரியும். ஐயா தோளிலை வைச்சுக் காட்டுவார்" என்றார். "எங்கே ரெயில், அப்பம்மா?" என்று மகன் கேட்டதற்கு, பாலம் கடந்து யொகூருக்குப் போகும் வண்டிகளையும், தண்டவாள ஓரத்திலே தாம் குடியிருந்த வீட்டையும், இரவில் வண்டி வரும்போது விளக்குக் கண்ணாடி அதிர்வதையும் சொல்லத் தொடங்கினார். எங்கள் எவருக்கும் அதுவரை சொல்லாதவை அவை. யாரும் கேட்டதில்லை என்பதே உண்மை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். என் நேரசூசி அதற்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தது.

பழைய மாணவருக்கு இனி விடை சொல்லவேண்டும். உம்முடைய மாமியாரிடம் முதலிற் கேளும். பிறகு பிள்ளைகளைக் கேளும். ஆளுக்கு ஒன்று, அவற்றை முதல் இரண்டு நாளுக்குள் வைத்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுப்பகலிற் குளிரூட்டிய கூரையின் கீழ் இருத்தல். ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். கொழும்பு வெயில் பழகியவர்க்கு இது பெரிதன்று என்று எண்ணிவிடாதீர். கொழும்பில் நாம் உச்சிவெயிலிற் கல்லும் கட்டடமும் பார்த்து நடப்பதில்லை. அன்றியும் டிசம்பர் அங்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். குடை இல்லாமற் புறப்படுதல் வேண்டாம்.

காலைக்கு உகந்தது தாவரவியற் பூங்கா. 1859இல் தொடங்கப்பட்டது, 2015இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஓர்க்கிட் பகுதிக்கு மட்டுமே கட்டணம். எம்மவர் அங்கு போனால் றப்பர் மரத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த கன்றுகள் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் அப்பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர், மரம் பட்டுப்போகாமற் பால் வெட்டும் முறையைக் கண்டு தோட்டக்காரருக்குப் புகட்டினார். அந்த மரம் இல்லையேல் என் பாட்டனார் கப்பலேறியிருப்பாரோ என்பது ஐயமே.

மாலையில், கத்தோங் பகுதியில் சிலோன் வீதி என்று ஒரு வீதி உண்டு. அங்குள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தினது பராமரிப்பில் உள்ளது. மாலைப் பூசைக்குச் சென்றால் அங்கே உம்முடைய ஊர்ப்பெயரைச் சொல்லி விசாரிக்கும் ஒருவராவது அகப்படுவார். அந்நாட்டின் முதலாவது வெளிநாட்டு அமைச்சராகிய சி. இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர் என்பதையும், அங்கு பாடசாலைப் பிள்ளைகள் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவர் அவரே என்பதையும் உம் பிள்ளைகள் அறிந்து போகட்டும். பிள்ளைகளுக்கு இரவிலே கடற்கரைப் பூங்காவின் விளக்குக் காட்சி இருக்கிறது; காசு வேண்டியதில்லை. கடைத்தெருக்களைப்பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சிங்கப்பூர் டொலர் 200 ரூபாவுக்கு மேல் விலைபோகும் காலத்தில் அவை தாமே தம்மைப்பற்றிச் சொல்லும்.

உணவுக்குக் கவலையில்லை. சிராங்கூன் வீதியில் 1947 முதல் நடக்கும் கோமள விலாசம் உண்டு. தேக்கா சந்தையின் உணவுக் கடைகளிலே விலையும் குறைவு. நகருக்குள்ளே சுரங்கப் புகையிரதம் போதும். நிலையங்களிலே தமிழிலும் அறிவித்தல் உண்டு. தமிழ் அங்கு அரசகரும மொழிகள் நான்கில் ஒன்று, நாணயத்தாளிலும் காணலாம்.

கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாகவேண்டும். இலங்கையருக்கு முப்பது நாளுக்குட்பட்ட உல்லாசப் பயணத்துக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் வருகை அட்டையைச் சென்றடைவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையவழி நிரப்பவேண்டும். அரசாங்கத்தின் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்பவர் வேறு யாரோ. மெல்லும் புகையிலை கொண்டுபோதல் சட்டப்படி தடை. மாமியார் வெற்றிலை போடுபவராயின் இதனை முன்னரே பக்குவமாகச் சொல்லிவிடும். நான் விமானத்தளத்திற் போய் நின்று சொன்னேன். அந்தச் சம்பாஷணையை இங்கே எழுதவியலாது.

தஞ்சோங் பாகர்க் கட்டடத்தை ஒட்டிப் பின்னர் நகர்ப்புகையிரத நிலைய வேலை நடந்ததால், உள்ளே போகலாமோ என்பதை அங்கு விசாரித்தே போகவேண்டும். மலாயாப் பாட்டனார் உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. பழைய தண்டவாளப் பாதை இப்பொழுது 24 கிலோமீற்றர் நீளமான பசுமையான நடைபாதை. அதன் இடையிலுள்ள புக்கித் தீமா நிலையம் திருத்தப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. வெயிலுக்கு முன் போனால் முதியோரும் சிறிது தூரம் நடக்கலாம்.

எங்கள் மூன்றாம் நாளில் நாங்கள் எங்கும் போகவில்லை. சிராங்கூன் வீதியில் ஒரு கடையில் அம்மாவுக்கு வெற்றிலை வாங்கினோம். மற்ற நேரமெல்லாம் அம்மா கதை சொல்ல, பிள்ளைகள் இருவரும் இருபக்கமும் இருந்து கேட்டனர். இரவு விமானத்தளத்திலே அம்மாவின் கைப்பையைத் திறந்தபோது என் நேரசூசி உள்ளே கிடந்தது. அதனை நான்காக மடித்து வெற்றிலையைச் சுற்றி வைத்திருந்தார்.