கடைசி அஞ்சு மீட்டர்

ஜியோகேஷிங் தெரியுமா? யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை ஒளிச்சு வெச்சு, அந்த இடத்தோட ஜிபிஎஸ் எண்களை இணையத்துல போடுவார். நீங்க தேடிக் கண்டுபிடிச்சு, உள்ளே இருக்குற நோட்டுல பேர் எழுதிட்டு, எடுத்த இடத்துலயே வைக்கணும்.

ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2-ல் நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்துல டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளிச்சு வெச்சார். விளையாட்டு அப்படித்தான் ஆரம்பிச்சது.

இதுக்குக் கடலோரப் பூங்காதான் வேணும்னு இல்ல. நம்ம எடப்பாடி பக்கத்துல பூலாம்பட்டி காவிரிக்கரை போதும். இப்போ அங்கே போனா என்ன பண்றோம்? நெரிஞ்சிப்பேட்டைக்குப் போற படகுல ஒரு ரீல்ஸ், அப்புறம் ரிட்டர்ன். கரையை யாரும் பார்க்கிறதே இல்ல.

தேடிப் போனா பார்த்துத்தான் ஆகணும். போன் உங்களை நாலஞ்சு மீட்டர் பக்கம் வரைதான் கொண்டு விடும். எந்த மரத்துல பொந்து, எந்தக் கல்லு நகர்ந்திருக்குன்னு அது சொல்லாது. அந்தக் கடைசி அஞ்சு மீட்டர்லதான் ஊர் உங்களுக்குப் பழக்கமாகும்.

ஃபைனல் இயர் மக்களே, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டப்பா வெச்சுட்டுப் போவோம். இடத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டு, தோண்டாம, கதவணைப் பக்கம் போகாம. ஜூனியர்ஸ் தேடட்டும்.